பெரகல இறக்கமும் ஒரு சைக்கிளும்

எரிபொருளுக்காக நாடே வரிசையில் நின்ற 2022ஆம் ஆண்டில், பெரகலயில் வசிக்கும் என் தங்கையின் பேரன் பழைய சைக்கிள் ஒன்றை வாங்கினான். அப்புத்தளையில் ஒரு கடையில் அவனுக்கு வேலை. பஸ்ஸை நம்பமுடியாத காலம் அது. காலையில் ஏதேனும் ஒரு மரக்கறி லொறி அவனையும் சைக்கிளையும் மேலே ஏற்றிச் சென்றுவிடும். மாலையில் இறக்கம். மிதிக்க வேண்டிய அவசியமில்லை. நிறுத்த முடிந்தால் போதும்.

பெரகலயை அறியாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. கொழும்பிலிருந்து மட்டக்களப்பு நோக்கிச் செல்லும் ஏ-4 வீதி, ஹல்துமுல்லையைக் கடந்து இந்தச் சந்திக்கு வருகிறது. இங்கிருந்து ஏ-16 வீதி அப்புத்தளைக்கு ஏறுகிறது. ஏ-4 கொஸ்லந்தை ஊடாக வெல்லவாயவுக்கு இறங்குகிறது. வளைவுகளுக்கும் மழைக்கும் பனிமூட்டத்துக்கும் இங்கே குறைவில்லை.

“தாத்தா, டிஸ்க் பிரேக் போடணும். கொஞ்சம் காசு தருவீங்களா?” என்று கேட்டான். சைக்கிளைக் கவிழ்த்துப் பார்த்தேன். குரோம் பூசிய இரும்பு ரிம், கல்லாய் இறுகிப்போன பிரேக் கட்டைகள், உறைக்குள்ளேயே துருவேறிய வயர். என் இடது முழங்காலின் பழைய தழும்பு ஒருமுறை வலித்தது போலிருந்தது.

பத்திரிகைத் தொழிலுக்கு வருவதற்கு முன்னர், அப்பாவின் கம்பிப் பிரேக் சைக்கிளில் இதே இறக்கத்தில் வந்தவன் நான். தூறல் விழுந்துகொண்டிருந்தது. இரு கைகளாலும் அழுத்தினேன், வேகம் குறையவில்லை. தேயிலைச் செடிகளுக்கு இடையிலான கானில்தான் நின்றேன். மழைமீது பழி போட்டுவிட்டுப் பல வருடங்கள் இருந்தேன். உண்மையில் காரணம் ரிம்தான். குரோம் வழவழப்பானது, நனைந்தால் அதன்மேல் றப்பர் வழுக்கும். சக்கரம் பல சுற்றுச் சுற்றி நீர் துடைக்கப்படும் வரை பிடிப்பு வராது. அலுமினிய ரிம் நனைந்தாலும் எவ்வளவோ மேல்.

ஆளும் சைக்கிளுமாக 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 300 மீற்றர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் சக்தி முக்கால் லீற்றருக்குச் சற்றுக் குறைந்த தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. காற்று ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மீதி விரலளவு றப்பர் துண்டுகளின் தலையில்.

டிஸ்க் நல்லதுதான். மழையில் அதற்கு நிகரில்லை. ஆனால் அதற்கேற்ற ஹப் வேண்டும், கவையின் அடியில் அதைத் தாங்கும் பிடிமானம் வேண்டும். சைக்கிளின் முன்பாதியையே மாற்ற வேண்டிவரும். பிடிமானத்தைப் பற்றவைத்துத் தருவதாக யாரோ சொன்னார்களாம். அதற்கு மட்டும் நான் கண்டிப்பாக மறுத்துவிட்டேன். டிஸ்க் பிரேக்கின் விசை முழுவதும் கவையின் ஒரு காலில்தான் விழும். அதற்கென்று செய்யப்படாத மெல்லிய குழாய் அது. ‘வி’ பிரேக்குக்கும் கவையில் குமிழ்கள் இருக்க வேண்டும். கைப்பிடியையும் மாற்ற வேண்டும்.

ஆகவே ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். நல்ல றப்பர் கட்டைகள் இரண்டு சோடி, புதிய வயர்கள், உறைகள் ஆகியவை அவன் செலவு. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டிருந்தது. அப்படி இரண்டு நாட்சம்பளத்துக்குள் அது முடிந்தது. முன்சக்கரத்துக்கு அலுமினிய ரிம் என் செலவு. அளவில் ஏமாறக்கூடாது. 26 அங்குலம் என்று சொல்லப்படுவதிலேயே பல வகை உண்டு. மலைச் சைக்கிளின் 559 மில்லிமீற்றர் ரிம்மை, 590 மில்லிமீற்றர் ரிம் இருந்த இடத்தில் போட்டால் பிரேக் கட்டை ரிம்மை விட்டு ரயரில் உரசும். அவனுடையது 590.

“முன் பிரேக்கப் புடிச்சா கவுந்துரும்னு சொல்வாங்களேண்ணே, அதுக்குப் போயி காசக் கொட்டுறீங்களே?” என்றாள் தங்கை. இந்தப் பயத்தினால் முன் பிரேக்கைக் கழற்றி வைத்தவர்களையே நான் கண்டிருக்கிறேன். பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னுக்குச் சாய்கிறது; பின்சக்கரம் இலேசாகிச் சறுக்குகிறது. நிறுத்தும் வலு முன்சக்கரத்தில்தான் இருக்கிறது. திடீரென்று இறுக்காமல், உடலைப் பின்னுக்குத் தள்ளிப் படிப்படியாக அழுத்த வேண்டும். வளைவுக்குள் நுழைந்த பிறகல்ல, அதற்கு முன்னரே. இதை அவனுக்குத் தட்டையான வீதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பழக்கினேன். எனக்கும் மூச்சு வாங்கியது.

முதல் மழை நாளன்று மாலை, சந்தித் தேநீர்க் கடையில் காத்திருந்தேன். பனிக்குள் எதுவும் தெரியவில்லை. முதலில் வந்தது ‘கீச்’சென்ற சத்தம், பிறகுதான் அவன். எனக்கு நேரே நிறுத்திக் காலை ஊன்றினான்.

“கட்டையோட முன்முனைய இன்னும் கொஞ்சம் உள்ள திருப்பணும்டா. அதான் கத்துது” என்றேன்.

“அத நாளைக்குப் பாத்துக்கலாம். டீ சொல்லுங்க தாத்தா” என்றான்.