மிஸ்ரில் ஒரு வருடம்: பிள்ளையை அனுப்புமுன்

கெய்ரோ நகரிலுள்ள அல்அஸ்ஹர் பள்ளிவாசலின் முற்றத்தில் லுஹர் தொழுகைக்குப் பின் நின்று பார்த்தால், தூண்களின் அடியில் வட்டம் வட்டமாக மாணவர்கள் அமர்ந்து ஓதுவதைக் காணலாம். ஹிஜ்ரி 361இல், அதாவது கி.பி. 972இல் தொழுகைக்காகத் திறக்கப்பட்ட பள்ளி அது. பாத்திமிகள் கட்டிய அப்பள்ளி, அவர்களது ஆட்சி முடிந்த பின்னரே அஹ்லுஸ் ஸுன்னாவின் பெரும் கல்விக்கூடமாக மாறியது. முற்றத்தைச் சுற்றி ‘ரிவாக்’ எனப்படும் பகுதிகள் இருந்தன. மொரோக்கோப் பக்கத்து மாணவருக்கு ஒன்று, ஷாம் தேசத்தாருக்கு ஒன்று, துருக்கியருக்கு ஒன்று, தூரத்து ஜாவா தீவாருக்கும் ஒன்று. ஊர் விட்டு வந்த பிள்ளைக்கு வக்பு வருமானத்திலிருந்து ரொட்டி கிடைத்தது. தன் மொழி பேசும் மூத்த மாணவன் ஒருவனும் பக்கத்தில் இருந்தான்.

வெளிநாட்டில் படிக்கப் போகும் பிள்ளைக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்போருக்கு நான் முதலில் இந்த ரிவாக்குகளைத்தான் சொல்வேன். சோறு, இருப்பிடம், வழி சொல்ல ஒரு மனிதர். இம்மூன்றும் இல்லாமல் கிதாபு தலைக்குள் இறங்காது.

மிஸ்ரோடு நமக்குள்ள உறவும் இன்று நேற்று வந்ததல்ல. இளமையில் அஸ்ஹரில் படித்த அஹ்மத் அராபி பாஷா, ஆங்கிலேயரிடம் தோற்று 1883இல் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டார். 1901 வரை கொழும்பிலும் கண்டியிலும் வாழ்ந்தார். 1892இல் கொழும்பில் ஸாஹிறாவின் தொடக்கமான பாடசாலை உருவானபோது சித்தி லெப்பை, வாப்பிச்சி மரைக்கார் ஆகியோருக்கு அவர் அளித்த ஊக்கம் பெரிது. அவர் கண்டியில் வசித்த வீடு இன்றும் அவர் பெயரால் பேணப்படுகிறது. அங்கிருந்து ஒருவர் வந்து நமது பிள்ளைகளின் கல்விக்கு உழைத்தார். இங்கிருந்து நமது பிள்ளைகள் அங்கு போகிறார்கள்.

போகும் பிள்ளைக்குக் கடவுச்சீட்டு வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அது காலாவதியாக இன்னும் எத்தனை மாதம் இருக்கிறது என்று பார்ப்பவர்தாம் குறைவு. படிப்புக் காலம் முடிந்த பிறகும் ஆறு மாதமாவது மிச்சம் இருப்பது நல்லது. பிறப்புச் சான்றிதழ், சாதாரண தரம், உயர்தரப் பெறுபேறுகள், அரபுக் கல்லூரிச் சான்றிதழ், அல்ஆலிம் பரீட்சை எழுதியிருந்தால் அதன் பெறுபேறு ஆகிய எல்லாவற்றுக்கும் மொழிபெயர்ப்பு வேண்டும். பெறுபேறுகளைப் பரீட்சைத் திணைக்களம் உறுதிப்படுத்த வேண்டும். பிறகு வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் பிரிவு, அதன் பின் எகிப்தியத் தூதரகம். இந்த வரிசை மாறினால் திரும்பத் திரும்பக் கொழும்புக்கு பஸ் ஏற வேண்டி வரும். சான்றிதழிலும் கடவுச்சீட்டிலும் பெயரின் ஆங்கில எழுத்துகள் ஒன்றாக இருக்கின்றனவா என்று முதலிலேயே பாருங்கள். ‘முஹம்மது’ என்ற பெயரை நாம் எத்தனை விதமாக எழுதுகிறோம்!

இதற்கு மேல் ‘முஆதலா’ என்று ஒன்று உண்டு. நமது கல்லூரிச் சான்றிதழ் அங்குள்ள எந்தத் தரத்துக்குச் சமம் என்று அஸ்ஹர் தீர்மானிப்பது அது. ஏழு வருடம் ஓதிய பிள்ளையையும் கீழே ஒரு வகுப்பில் அமர்த்தக்கூடும். தான் ஓதிய கல்லூரியின் சான்றிதழுக்கு அங்கு என்ன மதிப்பு என்பதை அதிபரிடமும், முன்னர் போனவர்களிடமும் கேட்டறியாமல் டிக்கெட் எடுக்க வேண்டாம்.

அடுத்தது மொழி. அரபு தாய்மொழியல்லாத மாணவருக்கென்று அஸ்ஹரில் ஷைக் ஸாயித் பெயரில் ஒரு மொழி நிலையம் இருக்கிறது. தரம் பார்த்து வகுப்பில் சேர்ப்பார்கள். பலருக்கு முதல் வருடத்தின் பெரும்பகுதி இதிலேயே போய்விடும். ஊரில் உம்மா, “மகன் இன்னும் யூனிவர்சிட்டிக்குப் போகல்லியாமே” என்று கவலைப்படுவார். அது வீணான வருடமல்ல. நாம் மத்ரஸாவில் அல்பிய்யாவை மனனமிட்டு வளர்ந்தவர்கள். இஃராப் பிசகாமல் வாசிப்போம். ஆனால் கெய்ரோத் தெருவில் காதில் விழுவது வேறு. ‘கஹ்வா’ அங்கு ‘அஹ்வா’. ஜீம் எழுத்து ‘ககரம்’ போல் ஒலிக்கும். ‘எங்கே’ என்பதற்கு ‘அய்ன’ என்று கேட்டால் கடைக்காரர் புன்னகைப்பார். அவர் சொல்வது ‘ஃபேன்’. ‘உரீது’ என்று நாம் சொல்ல, ஆண் ‘ஆயிஸ்’ என்பான், பெண் ‘ஆய்ஸா’ என்பாள். மிஸ்ர்காரர்கள் கேலி பேசினாலும் அன்பானவர்கள். கிதாபு அரபில் பேசும் வெளிநாட்டுப் பிள்ளையை வகுப்பு ஆசிரியரைப்போல் மரியாதை செய்வார்கள், ஆனால் காய்கறி விலை குறையாது!

பிரித்தானியப் பல்கலைக்கழகங்களில் அரபு படிப்பவர்களுக்கும் ஒரு வருடத்தை அரபு நாடொன்றில் கழிப்பது வழக்கம். முன்பு டமஸ்கசுக்கும் கெய்ரோவுக்கும் அதிகம் போனார்கள். 2011 ஜனவரியில் எகிப்தில் கிளர்ச்சி வெடித்தபோது வெளிநாட்டு மாணவர்கள் பலர் அவசரமாக வெளியேற்றப்பட்டார்கள். சிரியாவில் யுத்தம் தொடங்கியதும் பலரது வருடம் ஜோர்தானுக்கு மாறியது. அந்தப் பிள்ளைகளுக்குக் காப்புறுதி, அவசரத் தொடர்பு, கிரமமான வரவு என்பன போகுமுன்பே எழுதப்பட்ட நிபந்தனைகள். நாம் இவற்றைத் தவக்குல் என்ற சொல்லால் மூடிவிடுகிறோம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்பது நாம் அறியாததா? கெய்ரோவிலுள்ள இலங்கைத் தூதரகத்தில் பெயர் பதிவதும், திரும்பி வரும் விமானக் கட்டணத்தைத் தொடாமல் தனியாக வைப்பதும் அந்தக் கயிறுகள்தாம். அங்கு இறங்கியதும் ‘இகாமா’ எனப்படும் வதிவிட அனுமதியையும் தாமதிக்காமல் எடுக்க வேண்டும். விசாவைக் காலாவதியாக விட்டு அலையும் பிள்ளைக்குப் படிக்க நேரம் ஏது?

இனி மகள்மார் விஷயம். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அஸ்ஹர் பல்கலைக்கழகத்தில் பெண்களுக்கு இடம் கிடைத்தது. நஸ்ர் நகரில் அவர்களுக்குத் தனி வளாகம் உண்டு. மெட்ரோ ரயிலிலும் பெண்களுக்கென்று தனிப்பெட்டிகள் இருக்கின்றன. மஹ்ரம் பற்றித்தான் கேள்வி எழும். கடமையான ஹஜ்ஜுக்கு நம்பகமான பெண்கள் கூட்டம் போதும் என்பது நமது ஷாஃபிஈ மத்ஹபிலுள்ள கருத்து. கல்விக்கான பயணத்தை அதனோடு ஒப்பிடலாமா என்பதில் இன்றைய உலமாக்கள் ஒருமித்தவர்களல்லர். என்னிடம் கேட்டால், வாப்பாவோ நாநாவோ கொண்டுபோய் விடட்டும். தங்குமிடம் எங்கே, உடன் இருப்போர் யார், இரவில் கதவு பூட்டும் நேரம் என்ன என்பதையெல்லாம் கண்ணால் பார்த்து வரட்டும். ‘பெண் பிள்ளைக்கு எதற்கு’ என்று கதவைச் சாத்துவது எனக்கு உடன்பாடில்லை. நமது இமாம் ஷாஃபிஈ (ரஹ்) கெய்ரோவிலேயே அடங்கியிருக்கிறார்கள். அதே நகரில் நபி குடும்பத்தைச் சேர்ந்த ஸெய்யிதா நபீஸா (ரஹ்) அவர்களும் அடங்கியிருக்கிறார்கள். இமாமவர்கள் அவ்வம்மையாரிடம் சென்று ஹதீஸ் கேட்டதாகவும், இமாமவர்களின் ஜனாஸாவை அவரது வீட்டுக்குக் கொண்டு சென்று அவர் தொழுததாகவும் வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். அப்படியான ஊர் அது.

பெட்டியில் என்ன வைப்பது என்று உம்மாமார் கேட்பார்கள். கம்பளிச் சட்டை கட்டாயம். கெய்ரோ பாலைவன ஊர்தானே என்று நினைத்து மெல்லிய துணியோடு போகிற பிள்ளை டிசம்பர், ஜனவரி இரவுகளில் நடுங்கும். வசந்த காலத்தில் ‘கம்ஸீன்’ என்ற மணற்காற்று வரும். நெஞ்சுச்சளி, ஆஸ்துமா உள்ளவர்கள் மருந்தை டாக்டரின் துண்டோடு கொண்டு போக வேண்டும். மாசியும் மிளகாய்த்தூளும் கொஞ்சம் இருக்கட்டும். அவித்த அவரையான ‘ஃபூல்’, சோறும் பருப்பும் மக்கரோனியும் சேர்ந்த ‘குஷரி’, தவிட்டு ரொட்டி ஆகியவை வயிறு நிறைக்கும், விலையும் அதிகமில்லை. இரண்டாம் மாதத்தில் சம்பலுக்கு நாக்கு ஏங்கும்போது ஒரு கரண்டி மாசி செய்யும் உதவி சிறிதல்ல. மகனானாலும் ஒரு கறி ஆக்கவும் சட்டை தோய்க்கவும் வீட்டிலேயே பழக்கி அனுப்புங்கள் சகோதரிகளே. வெளியூரில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளில் முதலில் சோர்ந்து போவது பெரும்பாலும் உம்மா தட்டில் வைத்துக் கொடுத்துப் பழகிய மகன்தான்.

அங்கு பெறும் சான்றிதழுக்கு இலங்கையில் என்ன அங்கீகாரம் என்பதை பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவில் போகுமுன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும். திரும்பும்போது சான்றிதழ்களை எகிப்தின் வெளிநாட்டமைச்சிலும் நமது தூதரகத்திலும் உறுதிப்படுத்திக்கொண்டுதான் விமானம் ஏற வேண்டும். ஊருக்கு வந்த பிறகு அந்த ஒரு முத்திரைக்காக யாரையாவது கெய்ரோவில் தேடிப் பிடிப்பது மிகவும் சிரமமான காரியம்.