பாலத்தருகே ஒரு பேரம்

தாய்லாந்தில் கெட்ட செய்தியைச் சிரித்துக்கொண்டுதான் சொல்வார்கள். பாங்காக்கில் குடித்தனம் வைத்த புதிதில் எனக்கு இது பிடித்திருந்தது. கீஸர் ரிப்பேர் என்று போய் நின்றால் சிரிப்பார்கள். டாக்ஸிக்காரர் வழி தவறினால் அவரும் சிரிப்பார். அதனால் என் கணவரின் ஆபீஸில் விசா காகிதங்களைப் பார்க்கும் பெண் போன் செய்து, நானும் மகளும் மூன்று வாரத்துக்கு மேலாகச் சட்டவிரோதமாகத் தங்கியிருக்கிறோம் என்று சிரித்தபடி சொன்னபோது, ஏதோ ஜெராக்ஸ் குறைகிறது போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

நடந்தது இதுதான். 2024 செப்டம்பரில் திருவாரூரில் அப்பா போய்விட்டார். சேதி வந்த ராத்திரியே மகளைக் கூட்டிக்கொண்டு விமானம் ஏறினேன். கணவரின் வேலையை ஒட்டி எங்களுக்குக் கொடுத்திருந்த டிபென்டன்ட் விசாவில் அடுத்த வருஷம் வரை தேதி இருந்தது. ஆனால் அங்கே ஒரு விதி. நாட்டைவிட்டுக் கிளம்பும் முன் ரீ-என்ட்ரி பர்மிட் வாங்காவிட்டால் விசா அந்த நிமிஷமே செத்துப்போகும். 1,000 பாட்தான். சுவர்ணபூமி விமான நிலையத்தில் அதற்கென்றே ஒரு கவுன்டர் இருக்கிறது, ராத்திரியும் திறந்திருக்கும். காரியமெல்லாம் முடிந்து நாங்கள் திரும்பி வந்தபோது யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்த ஜூலையில்தான் இந்தியர்கள் விசா இல்லாமல் வந்து 60 நாள் இருக்கலாம் என்று திறந்துவிட்டிருந்தார்கள். அதிகாரி எங்களைச் சுற்றுலாக்காரர்களோடு சேர்த்து 60 நாள் முத்திரை குத்தி, சிரித்து, பாஸ்போர்ட்டை நீட்டினார். பழைய கெடுபிடி இருந்திருந்தால் விசா எங்கே என்று அங்கேயே நிறுத்தியிருப்பார்கள், அன்றைக்கே விஷயம் வெளியே வந்திருக்கும். சலுகைதான் எங்களை மாட்டிவிட்டது. 90 நாளுக்கு ஒருமுறை முகவரி அறிவிக்க வேண்டும், அதற்காகக் காகிதங்களை எடுத்து வைத்தபோதுதான் அந்தப் பெண் தேதியைப் பார்த்திருக்கிறாள்.

ஓவர்ஸ்டேக்கு ஒரு நாளைக்கு 500 பாட் அபராதம், 20,000 வரை போய் நின்றுவிடும். 90 நாளுக்குள் தானாக எல்லைக்குப் போய்க் கட்டிவிட்டு வெளியேறினால் தடை கிடையாது. அதற்கு முன் போலீஸ் கையில் அகப்பட்டால் ஐந்து வருஷம் உள்ளே வர முடியாது. ஒரே ஆள், ஒரே குற்றம், ஒரே நாளாகக்கூட இருக்கலாம். அவர்கள் நம்மிடம் வந்தால் ஐந்து வருஷம், நாம் அவர்களிடம் போனால் ரசீது. இந்த நியாயத்தை எந்தத் தாய்லாந்துக்காரரிடம் கேட்டாலும் சிரிப்பார்.

ஆக, எல்லைக்குப் போய்ச் சேரும் வரை நாங்கள் தலைமறைவுக் குடும்பம். விமான நிலையத்தில் கண்கள் அதிகம் என்று கணவர் சினிமாத்தனமாகச் சொல்ல, லாவோஸ் எல்லையில் இருக்கும் நோங்காய்க்குப் போகும் ராத்திரி ரயிலில் டிக்கெட் போட்டோம். பெர்த் திரையை இழுத்துவிட்டு, கிசுகிசுப்பாகச் சண்டை போட்டோம்.

"கவுன்டர் அங்கயேதானம்மா இருக்கு. பெரிசா போர்டு வேற போட்டிருக்கான்."

"எங்கப்பா செத்த ராத்திரி நான் போர்டு படிச்சிட்டு நிக்கணுமா?"

"நான் அப்படிச் சொல்லல."

"டிக்கெட் போட்டது நீங்க. ஏர்போர்ட் வரைக்கும் வந்தது நீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

மேல் பெர்த்திலிருந்து மகள் தலையை நீட்டினாள். "போலீஸ் வந்தா நான் தமிழ்ல பேசணுமா, தாய்ல பேசணுமா?" ரெண்டும் வேண்டாம், தூங்கு என்றார் அவள் அப்பா. அந்த நேரம் பார்த்துக் காக்கி உடுப்பில் ஒருவர் திரையை விலக்கினார். கணவரின் கை பாஸ்போர்ட் பைக்குப் போய்விட்டது. வந்தவர் படுக்கை விரிக்கிற ஊழியர். விறைப்பாக, ஒரு சுருக்கம் இல்லாமல் விரிப்பை இழுத்துச் செருகிவிட்டுப் போனார்.

நோங்காயில் சிமென்ட்டால் கட்டிய பிரமாண்ட நாகங்களும் பிள்ளையாரும் புத்தரும் நிற்கும் ஒரு தோட்டம் இருக்கிறது. வருகிறவர்களை எல்லாம் டுக்டுக் ஓட்டுநர்கள் முதலில் அங்கேதான் அழைப்பார்கள். எங்களையும் அழைத்தார் ஒருவர். எல்லைப் பாலம் என்றோம். சாமான்களைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், "விசாவா?" என்றார். ஊரே இந்த வியாபாரத்தில் தேறியிருக்கிறது.

என் பயம் முழுக்கப் பாலத்தில் அபராதம் வாங்கப்போகிற அதிகாரியைப் பற்றித்தான். அதற்குக் காரணம் அப்பா. அவர் தாலுகா ஆபீஸில் கிளார்க்காக இருந்தவர். திட்டித் திட்டியே மனு வாங்குவார். பட்டா மாற்ற வந்தவரை "உங்க தாத்தா காலத்துலயே செஞ்சிருக்க வேண்டியது, இப்ப வந்து என் உயிரை வாங்குறே" என்பார். திட்டு எவ்வளவு பலமோ அவ்வளவு சீக்கிரம் வேலை நடக்கும். மனுதாரர்களுக்கும் அது தெரியும், தலையைச் சொறிந்துகொண்டு முழுசாக வாங்கிக்கொள்வார்கள். திட்டுகிறவரிடம் கெஞ்ச இடம் இருக்கிறது, கோபம் தணிந்தால் கொஞ்சம் வெட்கப்படுவார், அந்த வெட்கத்தில் ஒரு கையெழுத்து விழும். சிரிக்கிறவரிடம் எதைப் பிடித்துக்கொண்டு கெஞ்சுவது?

பாலத்தடி இமிகிரேஷனில் எங்களை வரிசையிலிருந்து பிரித்துப் பக்கத்து அறையில் உட்காரவைத்தார்கள். மேஜைக்குப் பின்னால் நடுவயதுப் பெண் அதிகாரி, சீருடையில் இஸ்திரி மடிப்பு கத்தி மாதிரி. பாஸ்போர்ட்டைப் புரட்டி, கால்குலேட்டரைத் தட்டி, எங்கள் பக்கம் திருப்பினார். ஐந்து இலக்கம். எதற்கு இந்தியா போனீர்கள் என்றார். அப்பா இறந்துவிட்டார் என்று தாய் மொழியில் எனக்குத் தெரிந்த அளவுக்குச் சொன்னேன். என்ன வயது என்று கேட்டார். சொன்னேன். நிஜமாகவே வருத்தப்பட்டார், முகத்தில் தெரிந்தது. கால்குலேட்டரில் எண் அப்படியே இருந்தது.

மகளின் பாஸ்போர்ட்டை மட்டும் அபராதம் இல்லாமல் தள்ளி வைத்தார். 15 வயதுக்குக் கீழே கிடையாதாம். மகளுக்கு அது அவமானமாகிவிட்டது. "நானும்தானே ஓவர்ஸ்டே?" என்று அவளுடைய அப்பாவை நச்சரிக்க ஆரம்பித்தாள்.

அறையில் எங்களுக்கு முன்பே இன்னொரு ஜோடி இருந்தது. டச்சுக்காரர், எழுபதை நெருங்கியிருப்பார், கை நடுக்கம். பக்கத்தில் அவர் மனைவி, வடகிழக்கே ஈசான் பக்கத்துப் பெண், ஐம்பது சொல்லலாம், மடியில் மூங்கில் கூடை. இந்த மாதிரி ஜோடிகளைப் பாங்காக்கில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு முகச்சுளிப்பு வரும், அதை மறைத்துப் பயனில்லை. கிழவருக்குத் துணை வேண்டும், அவளுக்குக் காசு வேண்டும் என்று கணக்கை முடித்துவிட்டு வேறு பக்கம் பார்ப்பேன். இங்கே வேறு பக்கம் பார்க்க இடமில்லை, எதிரெதிர் பெஞ்சு.

அவர் ஓவர்ஸ்டே ஒரு வருஷத்தைத் தாண்டியது. ஓய்வுபெற்றவர்கள் தாய்லாந்தில் வருஷாவருஷம் தங்க 800,000 பாட் வங்கியில் காட்ட வேண்டும், மனைவி தாய்லாந்துக்காரி என்றால் 400,000. அவருடைய பணம் இதய ஆபரேஷனில் போய்விட்டது. காட்டப் பணமில்லை, போக மனசில்லை, வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டார். வேலையில் இருந்த காலத்தில் லாரி ஓட்டியவர். ராட்டர்டாமிலிருந்து இத்தாலி வரை பூ ஏற்றிக்கொண்டு போவாராம், கடைசி வருஷங்களில் வழியில் ஒருத்தன் பாஸ்போர்ட் கேட்டதில்லை என்று சொல்லிச் சிரித்தார். அவருக்கும் அந்த ஊர்ச் சிரிப்பு தொற்றியிருந்தது.

அவர் கையில் ஒரு கவர், அதில் 20,000. உச்சவரம்பு அதுதான். நாற்பதாவது நாளில் எட்டிவிடும் தொகை, அதற்குப் பிறகு எத்தனை வருஷம் இருந்தாலும் ஒரு பாட் ஏறாது. எனக்குள் சின்னதாக ஒரு எரிச்சல் வந்ததைச் சொல்ல வேண்டும். சில வாரத்துக்கு நாங்கள் இவ்வளவு அழ, ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தவர் அதைப்போல இரண்டு மடங்குகூடக் கட்டவில்லை. அப்புறம்தான் பாக்கியும் காதில் விழுந்தது. ஒரு வருஷத்தைத் தாண்டினால், தானாக வந்து நின்றாலும் மூன்று வருஷம் தடை.

"ஹாலந்துக்கா போறீங்க?" என்று கேட்டார் என் கணவர்.

அவர் பாலத்தின் பக்கம் கையைக் காட்டினார். வியன்டியனில் ஒரு ரூம் பார்த்திருக்கிறார்களாம். மேகாங் ஆற்றுக்கு இந்தப் பக்கம் அவள் வீடு, அந்தப் பக்கம் அவர். அவளுக்கு ஆற்றைக் கடக்க எல்லைப் பாஸ் போதும். வாரத்துக்கு ஒரு நடை வந்துபோவாள். இரண்டு கரையிலும் பேச்சு ஒன்றுதான், அவளுக்கு அது வெளியூர் மாதிரியே இல்லை. அவர்தான் மூன்று வருஷம் இக்கரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

அவர் மனைவியை, அந்த அக்காவை, மேஜைக்குக் கூப்பிட்டார்கள். அக்கா கவரை எடுத்து மேஜைமேல் வைத்து, கையை எடுக்காமல், "18,000 போட்டுக்கோங்க" என்றார்.

அதிகாரி சிரித்தார்.

"ஒரேயடியா கட்டுறோம் இல்ல? மொத்தமா எடுத்தா குறைக்கிறதுதானே?"

இந்த முறை அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார், பின்னால் தட்டச்சு செய்துகொண்டிருந்தவரும் சிரித்தார், டச்சுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா சிரிக்கவில்லை. 19,000 என்றார். ஆபரேஷன் செலவைச் சொன்னார். இவர் சாப்பிடுகிற சாப்பாட்டுக்கு நாட்டுக்கு என்ன நஷ்டம் என்று கேட்டார். அதிகாரியைப் பார்த்து, உன் வீட்டுக்காரர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மூணு வருஷம் இருந்தா தெரியும் உனக்கு என்று கொஞ்சம் குரலை உயர்த்திச் சொன்னார். பாங்காக்கில் இத்தனை காலத்தில் ஒரு சீருடையைப் பார்த்து யாரும் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அதிகாரி கடைசி வரை அவரை அக்கா என்றே கூப்பிட்டு, கடைசி வரை சிரித்து, 20,000-க்கும் ரசீது எழுதினார்.

கையெழுத்துப் போட வேண்டிய பெரிய அதிகாரி சாப்பிடப் போயிருந்தார். இதில் மட்டும் தாலுகா ஆபீஸுக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. அக்கா மூங்கில் கூடையைத் திறந்தார். அவித்த ஒட்டரிசி, கையால் பிய்த்து உருட்டுகிற பதம், ஆவி இன்னும் இருந்தது. கூடவே மீன் ஊறவைத்த துவையல். மீன் ஆகாது என்றதும் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, வெறும் சோற்றை ஒரு கவளம் பிய்த்து மகள் கையில் வைத்தார். என் பையில் இட்லிப்பொடி இருந்தது, நல்லெண்ணெய் சின்ன பாட்டிலில். வாழையிலைத் துண்டில் கொட்டிக் குழைத்தேன். ஒட்டரிசி உருண்டையைப் பொடியில் ஒத்தி எடுத்தால் இட்லியைவிட நன்றாகப் பிடித்துக்கொள்கிறது, வழிவதில்லை. ஊரில் யாரிடமும் இதைச் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அக்கா ஒரு உருண்டை தின்றார், இன்னொன்று தின்றார், "வாசனை நல்லா இருக்கு, காரம்தான் பத்தல" என்றார். குண்டு மிளகாயும் நீட்டு மிளகாயும் சேர்த்து அம்மா இடித்துக் கொடுத்த பொடி அது. டச்சுக்காரருக்கு ஒரே உருண்டையில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அக்கா தன் முந்தானைத் துண்டால் அவர் முகத்தைத் துடைத்தார், திட்டிக்கொண்டே.

என் பாஸ்போர்ட்டில் ஓவர்ஸ்டே என்று ஒரு முத்திரை விழுந்தது. மகள் தன் பாஸ்போர்ட்டிலும் அது வேண்டும் என்றாள்.

பாலம் 1994-இல் ஆஸ்திரேலியா பணத்தில் கட்டியது. நடுவில் தண்டவாளம் போகிறது, ரயில் வரும்போது வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். தாய்லாந்தில் நம்மைப் போல இடப்பக்கம், லாவோஸில் வலப்பக்கம். அக்கரை போய்ச் சேர்ந்ததும் சிக்னல் பார்த்து எல்லா வண்டியும் பக்கம் மாறுகின்றன. பஸ் பக்கம் மாறிய அந்தச் சில நொடி மகள் மூச்சுவிடவில்லை. கணவரும் நானும் பேசத் தொடங்கியது அந்த பஸ்ஸில்தான். யாரும் மன்னிப்பு கேட்கவில்லை, தண்ணி பாட்டில் எங்கே என்று கேட்டார், எடுத்துக் கொடுத்தேன்.

வியன்டியனில் தாய்லாந்துத் தூதரகத்தில் விசாவுக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். கல்யாணச் சான்றிதழை அங்கிருந்த இளைஞன் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான், திருவாரூர் சார்பதிவாளர் முத்திரை அவனுக்கு என்ன சொல்லியதோ, சிரித்து வாங்கிக்கொண்டான். ஓவர்ஸ்டே முத்திரையைப் பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை. புதிய விசாவோடு பாஸ்போர்ட் கைக்கு வந்த அன்று தலாத் சாவ் சந்தைக்குப் போனோம். அங்கே மின்சாமான் கடையில் அக்காவின் குரல். டச்சுக்காரர் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார், காலடியில் தலையணை, ரைஸ் குக்கர், ஒரு கட்டு வெங்காயத்தாள். ரூமில் ஃபேன் இல்லையாம், வாடகையும் சொன்னதைவிடக் கூடவாம். அக்காவுக்குச் சாயங்காலம் நோங்காய் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், கோழிகளுக்கு ஆள் இல்லை. அவசரத்தில் இருந்தார்.

எங்களைப் பார்த்ததும் என் கணவரின் கையைப் பிடித்து இழுத்தார். "தம்பி, நீ கரண்ட்டு வேலைதானே படிச்சிருக்கே? இது மூணு வருஷம் ஓடுமான்னு பார்த்துச் சொல்லு."

இவர் ஃபேனைக் கவிழ்த்து, இறக்கையை விரலால் சுற்றி, காதை வைத்துக் கேட்டார். எடைபோடுகிற மாதிரி கையில் தூக்கிப் பார்த்தார். "புஷ் சீக்கிரம் தேய்ஞ்சிடும். ரெண்டு வருஷம் ஓடும்" என்றார்.

அக்கா கடைக்காரர் பக்கம் திரும்பினார். மூன்றில் இரண்டு பங்கு விலைதான் தருவேன் என்றார். கடைக்காரர் அவரையும் என் கணவரையும் சேர்த்து வாய்க்கு வந்தபடி திட்டினார். திட்டி முடித்துவிட்டுக் குறைத்துக் கொடுத்தார்.