முட்டுக்கட்டை

சேத்தியாத்தோப்பைச் சுற்றியுள்ள நிலம் பாய் விரித்தாற்போலக் கிடப்பது. வெள்ளாறு அவசரமின்றிக் கடலை நோக்கி நடக்கும் சமவெளி இது. கண்ணுக்கு எட்டிய தொலைவு வரை நெல்லும் கரும்பும்தான். இங்கு மேடு என்று சொல்லத்தக்கவை வீராணம் ஏரிக்கரையும் ஆற்றங்கரையும் பாலத்துக்கு ஏறும் சாலையுமே. அவையும் மனிதர் மண்கொட்டி எழுப்பியவை. மலையடிவாரத்தில் பிறந்தவர்க்குச் சரிவு என்பது கால்கள் அறிந்த செய்தி. எங்களுக்கோ அதை யாராவது நினைவூட்ட வேண்டும். நிறுத்திய வண்டி நிறுத்திய இடத்திலேயே நிற்கும் என்னும் நம்பிக்கை சமவெளிக்காரர்களின் இயல்பில் ஊறியது.

இந்த நம்பிக்கை இல்லாதவர் ஒருவரை நான் அறிவேன். அவர் என் தந்தையார். கரும்புப் பாரவண்டி ஓட்டியவர். அரைவைப் பருவத்தில், சேத்தியாத்தோப்பு எம்.ஆர்.கே. கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்கு முன்னால் மாட்டுவண்டிகளும் டிராக்டர்களும் நீண்ட வரிசையில் காத்து நிற்கும். வரிசை நகர்ந்தால் நான்கடி நகரும். பிறகு நெடுநேரம் அசையாது. ஒவ்வொரு முறை நின்றபோதும் அப்பா கீழே குதிப்பார். வண்டியின் அடியில் கயிற்றில் தொங்கும் வேலமரக் கட்டையை எடுத்துச் சக்கரத்துக்குப் பின்னால் வைப்பார். காலால் ஓர் உதை உதைத்து இறுக்குவார். நகரும் நேரம் வந்ததும் அதை எடுப்பார். சமமான தரையில் எதற்கு இவ்வளவு பாடு என்று சிறுவயதில் நான் கேட்டதுண்டு. அவர் பாலத்தைக் காட்டினார்.

பாலத்தின் ஏற்றத்தில் பாரவண்டி நின்றுவிட்டால் நிகழ்வது இது: வண்டி பின்னோக்கி இழுக்கிறது, அந்த இழுப்பு முழுவதும் ஏர்க்கால் வழியாக நுகத்தடிக்கும், நுகத்தடி வழியாகக் காளைகளின் கழுத்துக்கும் வந்து சேர்கிறது. காளைகள் நகராமல் நிற்பதைப் பார்ப்பவர்க்கு வண்டி ஓய்வில் இருப்பதாகத் தோன்றும். உண்மையில் அவை அசையாமல் உழைத்துக்கொண்டிருக்கின்றன. சக்கரத்தின் அடியில் ஒரு கட்டை சென்றதும் கழுத்துகள் தளர்கின்றன. அந்தத் தளர்வைக் கண்ணால் காணலாம். அப்பா பாலத்துக்கு ஒரு வழக்கம், சமவெளிக்கு ஒரு வழக்கம் என்று வைத்துக்கொள்ளவில்லை. இரண்டு வழக்கங்கள் இருந்தால் தேவையான இடத்தில் தவறான வழக்கமே கைக்கு வரும் என்பது அவர் கணக்கு.

முட்டுக்கட்டை என்னும் சொல்லுக்கு நம் உரைநடை அநீதி இழைத்துவிட்டது. வளர்ச்சிக்கு முட்டுக்கட்டை, முயற்சிக்கு முட்டுக்கட்டை என்று அதைத் தடங்கலுக்குரிய பெயராகவே ஆக்கிவிட்டோம். அதன் பெருமையைக் காண விரும்புவோர் ஆனித் திருமஞ்சனத்துக்கு முன்னாளோ, மார்கழித் திருவாதிரைக்கு முன்னாளோ சிதம்பரத்தின் தேர் வீதிகளில் ஒரு மணி நேரம் நிற்கவேண்டும். மூலவராகிய நடராசரே தேரேறி வரும் நாள் அது. ஐந்து தேர்கள் நான்கு வீதிகளைச் சுற்றி வருகின்றன. வடம் பிடிப்போரின் ஆரவாரத்தையே கூட்டம் பார்க்கும். ஆனால் உருளும் சக்கரத்தின் அருகே குனிந்தபடியே நடந்து, உரிய கணத்தில் கட்டையைச் செருகித் தேரை நிறுத்துவோரும் திருப்புவோரும் வேறு சிலர். இழுப்பவர் கை தளர்ந்தால் தேர் நின்றுபோகும், அவ்வளவுதான். கட்டை போடுபவரின் கை தவறினால் தேர் எதன்மேல் ஏறும் என்று சொல்ல முடியாது. 96 அடி உயரம் கொண்ட திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சிராப்பள்ளியிலுள்ள பாரத மிகுமின் நிறுவனம் இரும்பு அச்சும் நீரழுத்தத் தடையும் பொருத்திக் கொடுத்தது. அதன் பிறகும் அந்தத் தேருடன் கட்டைகள் செல்கின்றன.

மகிழுந்தில் இந்தக் கட்டையின் வேலையைச் செய்வது, ஓட்டுநரின் இடப்பக்கத்தில் இருக்கும் கைத்தடை. பேச்சுவழக்கில் ஹேண்ட் பிரேக். அதை இழுத்தால் ஒரு கம்பிவடம் இறுகி, பெரும்பாலான வண்டிகளில் பின்சக்கரங்களைப் பற்றிக்கொள்ளும். கிளட்ச் மிதித்து கியர் மாற்றும் வண்டிகளில் இதைப் பயன்படுத்துவோர் பலர். தானியங்கிப் பல்லிணை கொண்ட வண்டி, அதாவது ஆட்டோமேட்டிக் கார், வந்த பிறகே இந்தப் பழக்கம் தேயத் தொடங்கியது. அதன் கியர்க் கோலில் ‘பி’ என்றோர் எழுத்து இருக்கிறது. பார்க் என்பதன் முதலெழுத்து. கோலை அங்கே தள்ளினால் வண்டி நின்றுவிடுகிறது. பிறகு கைத்தடை எதற்கு என்பது பலரின் கேள்வி.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காணும் பொங்கலன்று இந்தக் கேள்விக்கு ஏரிக்கரையில் விடை கிடைத்தது. வீராணம் நிறைந்திருந்தது. சென்னையில் பணியாற்றும் என் தங்கை மகன், புதிதாக வாங்கிய தானியங்கி வண்டியில் எங்கள் எல்லாரையும் அழைத்துச் சென்றான். கரைக்கு ஏறும் சரிவின் நடுவில் வண்டியை நிறுத்தி, கோலை ‘பி’க்குத் தள்ளி, மிதித்திருந்த காலை எடுத்தான். வண்டி ஒரு சாண் பின்னால் சறுக்கி, ‘தடக்’ என்ற ஓசையுடன் நின்றது. எஞ்சின் அணைந்தது. நீர்ப்பறவைகளைப் பார்க்கும் ஆவலில், அவனுடைய ஐந்து வயது மகள் முதலில் இறங்கி வண்டிக்குப் பின்புறமாக ஓடினாள். அப்பாவுக்கு அப்போது எண்பதை நெருங்கும் வயது. அவர் ஏரியைப் பார்க்கவில்லை. குழந்தையின் கையைப் பற்றிப் பக்கவாட்டில் இழுத்து நிறுத்திக்கொண்டு, பேரனைப் பார்த்துக் கேட்டார்.

“கட்டை போட்டியாப்பா?”

“பார்க்குல போட்டுட்டேன் தாத்தா. இனிமே நகராது.”

“ஒரு சத்தம் கேட்டுச்சே, அது என்ன?”

“அது அப்படித்தான் தாத்தா, லாக் ஆவுற சத்தம்.”

“லாக்கு ஆவுற சத்தம் இல்லப்பா. பாரம் போயி எதும்மேலயோ உக்காந்த சத்தம். காளை கழுத்துல வண்டிய நிறுத்தாத.”

மகிழுந்தின் உட்புறத்தை அப்பா ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. ஆயினும் அவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை.

தானியங்கிப் பல்லிணைப் பெட்டியினுள், சக்கரங்களுக்கு விசையைக் கொண்டுசெல்லும் அமைப்பில் பற்கள் வெட்டிய வளையம் ஒன்று உண்டு. அதன் அருகே, விரல் அளவே உள்ள எஃகு நகம் ஒன்று அச்சில் தொங்குகிறது. கோலை ‘பி’க்குத் தள்ளும்போது அந்த நகம் வளையத்தை நோக்கி அழுத்தப்படுகிறது. நகத்துக்கு நேராகப் பள்ளம் இருந்தால் உடனே விழும். பல் இருந்தால் விழாது. வண்டி சற்று உருண்டு அடுத்த பள்ளம் வரும்வரை காத்திருக்கும். எங்கள் வண்டி ஒரு சாண் நகர்ந்ததன் காரணம் இதுதான். பள்ளம் வந்ததும் நகம் விழுந்தது. வண்டியின் இழுப்பு முழுவதும் அதன்மேல் மோதி நின்றது. அந்த மோதலின் ஓசையையே அப்பா கேட்டார்.

எவ்வளவு இழுப்பு? இயற்பியல் வகுப்பில் சாய்தளக் கணக்குப் போட்டிருப்பவர்கள் இதை எளிதில் கண்டறியலாம். 1,200 கிலோ எடையுள்ள வண்டி, பத்தடிக்கு ஓரடி உயரும் சரிவில் நிற்பதாகக் கொள்வோம். சரிவின் வழியே கீழ்நோக்கி இழுக்கும் விசை, ஏறத்தாழ 120 கிலோ எடைக்கு நிகரானது. நகம் அதைத் தாங்கும்; தாங்குவதற்காகவே செய்யப்பட்டது. எனினும் நாள்தோறும் அதன்மீது பாரத்தை எறிவதும், கிளம்பும்போது பாரத்தின் அடியிலிருந்து அதைப் பிடுங்குவதும் தேய்மானத்தை வரவழைக்கும் செயல்கள். சரிவில் நின்ற வண்டியைக் கிளப்பும்போது கோல் வர மறுத்து, பிறகு ‘டக்’ என்று அதிர்ந்து வருவது இதன் அடையாளம்.

இதைவிடக் கவலைக்குரியது இன்னொன்று. வளைவில் திரும்பும்போது வெளிப்புறச் சக்கரம் உட்புறச் சக்கரத்தைக் காட்டிலும் வேகமாகச் சுழலவேண்டும். அதற்கு இடந்தருவதற்காக இரண்டுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் என்னும் பல்லிணைத் தொகுதி இருக்கிறது. நகம் பூட்டுவது அந்தத் தொகுதிக்கு வரும் வழியைத்தான். ஆகவே, ஒரு சக்கரம் சேற்றில் பிடிமானம் இழந்தாலோ, பஞ்சருக்காக ஜாக்கி வைத்துத் தூக்கப்பட்டாலோ, அது ஒரு திசையில் சுழல, தரையிலுள்ள மற்றது எதிர்த்திசையில் உருளலாம். நகம் தன் இடத்தில் உறுதியாகவே இருக்கும். வண்டி மட்டும் போய்விடும். ஐப்பசி மழையில் ஏரிக்கரை மண்ணை மிதித்தவர்களுக்கு அங்கே பிடிமானம் எப்படிப்பட்டது என்று சொல்லவேண்டியதில்லை. கைத்தடையோ, தான் பற்றும் இரு சக்கரங்களையும் தனித்தனியே பிடிக்கிறது.

‘பி’ என்னும் எழுத்தே பிற்காலத்தில் வந்ததுதான். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1940ஆம் ஆண்டு மாதிரி ஓல்ட்ஸ்மொபில் வண்டிகளில் அளித்த ஹைட்ராமேட்டிக், பெருமளவில் விற்பனைக்கு வந்த முதல் முழுத் தானியங்கிப் பல்லிணை. அதில் ‘பி’ கிடையாது. 1948இல் பியூக் வண்டிகளில் வந்த டைனாஃப்ளோவில் அது இருந்தது. வந்த பிறகு மக்கள் அதை முழுமையாக நம்பினர்; நம்பிக்கை சில வேளைகளில் உயிரை விலையாகக் கேட்டது. கோல் ‘பி’யில் விழுந்துவிட்டதாக ஓட்டுநர் நினைக்க, அது அதற்கும் ‘ஆர்’ என்னும் பின்செல் நிலைக்கும் நடுவில் நின்றுவிட்டதால் வண்டிகள் தாமாகப் பின்னோக்கி ஓடிய நிகழ்வுகள் அமெரிக்காவில் பெரும் வழக்காயின. அரசுடன் 1980இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, ஃபோர்டு நிறுவனம் ஏறத்தாழ 2 கோடியே 30 லட்சம் வண்டிகளுக்கு எச்சரிக்கை ஒட்டுத்தாள் அனுப்ப ஒப்புக்கொண்டது. கைத்தடையை முழுமையாகப் போடச் சொல்வதும் அந்த எச்சரிக்கையின் ஒரு பகுதி. ஓர் ஒட்டுத்தாள் இத்தகைய ஆபத்துக்குப் போதுமான மருந்தென்று எனக்குத் தோன்றவில்லை. அதில் எழுதியிருந்தது மட்டும் சரியானது.

மின்னணுக் காலத்திலும் கதை மாறிவிடவில்லை. எந்த நிலைக்குத் தள்ளினாலும் நடுவுக்கே திரும்பிவிடும் புதுவகைக் கோல் ஒன்று வந்தது. அதைத் தொட்டுப் பார்த்து வண்டி ‘பி’யில் இருக்கிறதா என்று அறிய இயலாது. குழப்பத்தால் விபத்துகள் நேரவே, 2016 ஏப்ரலில் ஃபியட் கிரைஸ்லர் நிறுவனம் உலகெங்கும் ஏறத்தாழ 11 லட்சம் வண்டிகளைச் சீர்செய்யத் திரும்ப அழைத்தது. அதே ஆண்டு ஜூன் 19 அன்று, ‘ஸ்டார் டிரெக்’ படங்களில் நடித்த ஆன்டன் யெல்ச்சின், லாஸ் ஏஞ்சலிஸில் தம் வீட்டுச் சரிவுப் பாதையில் உருண்டுவந்த தம்முடைய வண்டிக்கும் வாயில் தூணுக்கும் இடையில் சிக்கி இறந்தார். அவருடைய வண்டியும் திரும்ப அழைக்கப்பட்ட வகையைச் சேர்ந்தது. அவருக்கு வயது 27.

நம் நாட்டுக்குரிய சிக்கல் வேறொன்று. 2014இல் மாருதி சுசுகியின் செலேரியோ வண்டியுடன், விலை குறைந்த தானியங்கி முறை ஒன்று இங்கே பரவத் தொடங்கியது. இதில் இருப்பது பழைய கியர்ப் பெட்டிதான். கிளட்சை மிதிக்கும் வேலையையும் கியர் மாற்றும் வேலையையும் ஓர் இயந்திரக் கை செய்கிறது. நடுத்தரக் குடும்பங்கள் விரும்பி வாங்குபவை இவையே. இவற்றில் பலவற்றில் ‘பி’ என்னும் நிலையே இல்லை. கோலை ‘என்’ என்னும் நடுநிலையில் விட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போனால், வண்டியைப் பிடித்திருக்க உள்ளே எதுவும் கிடையாது. கைத்தடை ஒன்றே துணை. தானியங்கி என்னும் ஒரே பெயரை இருவகை வண்டிகளுக்கும் சூட்டியது விற்பனைக்கு வசதியாக இருந்திருக்கலாம், ஓட்டுபவருக்கு அல்ல.

நம் சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 126ஆம் பிரிவு, உரிமம் பெற்ற ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் இல்லாதபோது எஞ்சினை நிறுத்தித் தடையைப் போட்டோ, வேறு வகையிலோ வண்டி தற்செயலாக நகராதபடி செய்யாமல் பொது இடத்தில் விடக்கூடாது என்கிறது.

ஏரிக்கரையில் அன்று என் தங்கை மகன் மீண்டும் வண்டியில் ஏறினான். காலால் பிரேக்கை அழுத்தியபடி எஞ்சினைக் கிளப்பி, கோலை ‘என்’னுக்குக் கொண்டுவந்து, கைத்தடையை முழுவதும் இழுத்தான். பிறகு காலை மெல்ல எடுத்தான். வண்டி லேசாக அமர்ந்து, பாரம் பின்சக்கரங்களில் இறங்கியது. அதன்பின் மீண்டும் பிரேக்கை மிதித்துக் கோலை ‘பி’க்குத் தள்ளினான். இம்முறை ஓசை எழவில்லை. அப்பா குழந்தையின் கையை விட்டார்.

கைத்தடையைப் பயன்படுத்தாமலே வைத்திருந்தால் அதன் வடம் துருவேறி இறுகும். கடலூர் உப்புக்காற்றில் அது விரைவாகவே நடக்கும். நாள்தோறும் இழுத்து விடுவதே அதற்கு மருந்து. ஆனால் அடைமழைக் காலத்தில் வண்டியை வாரக்கணக்கில் நிறுத்திச் செல்வோர் அதை இழுத்தே வைத்தால், ஈரத்தில் தடைக்கட்டைகள் உருளையோடு ஒட்டிக்கொள்வதும் உண்டு. அப்போது சமதரையில் நிறுத்தி, சக்கரத்தின் முன்னும் பின்னும் அடை கொடுப்பது நல்லது. மலைப்பாதைகளில் சிலர் இதற்குக் கருங்கல்லைப் பயன்படுத்திவிட்டு, கிளம்பும்போது அதைச் சாலையிலேயே விட்டுச் செல்கின்றனர். இருளில் வரும் இருசக்கர வண்டிக்காரர் அதன்மேல் ஏறி விழுகிறார். மரக்கட்டை என்றால் யாரும் விட்டுவர மாட்டார்கள். பொங்கல் முடிந்து சென்னைக்குக் கிளம்பிய அந்த வண்டியின் பின்பெட்டியில், பலகாரத் தூக்குக்கும் கரும்புக் கட்டுக்கும் இடையில், புதிதாகச் செதுக்கிய வேலமரக் கட்டைகள் இரண்டு இருந்தன.