நாலு கிலோ கடன்

திருத்துறைப்பூண்டியில் பேருந்தைவிட்டு இறங்கும்போது என் தோளில் துணிப்பை. உள்ளே நாலு கிலோ காட்டுயானம் நெல். போன வருஷம் நெல் திருவிழாவில் வாங்கிய ரெண்டு கிலோ விதைக்கான கடன் அது. 2006-ல் பக்கத்து ஆதிரெங்கத்தில் ‘நெல்’ ஜெயராமன் தொடங்கிய திருவிழா. ரெண்டு கிலோ வாங்கினால், அடுத்த ஆண்டு நாலு கிலோ தர வேண்டும். 2018-ல் அவர் மறைந்த பிறகும் அந்தக் கணக்கு தொடர்கிறது.

கூட்டத்தில் ஒரு பெரியவர் என் பையில் கைவிட்டுப் பத்து நெல்லை எடுத்து உமி நீக்கினார். எட்டு சிவப்பு, ரெண்டு வெள்ளை.

“கலப்பு இருக்கே தம்பி. இதை விதையாக் கொடுத்தா அடுத்தவர் வயலும் கெட்டுடும்.”

எனக்குத் தலை குனிந்துவிட்டது. அவரே வழியும் சொன்னார்.

“கதிர் வர்றப்போ உயரம், நிறம் மாறி நிக்கிற பயிரைப் பிடுங்கிடு. வரப்போரத்தை விட்டுட்டு நடுவயல்ல விதைக்கு அறு. களத்தைச் சுத்தமாக் கூட்டிட்டு அடி.”

கொண்டுபோன நெல் வீட்டுக் கஞ்சிக்குத் திரும்பியது. கூடவே, அவர் தந்த புது விதை ரெண்டு கிலோ. இப்போது என் கடன் எட்டு கிலோ. இந்த முறை களத்தை நானே கூட்டுவேன்.