முதலாம் எண் யார்?

ஒரு நூலுக்கு உரை காண்பது கற்றோர்க்கே உரிய தொழில் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தை மாற்றியது இலக்கண நூலன்று, கருத்தரங்கமும் அன்று. ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றும், பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய என் காக்காவும் சேர்ந்தே அதை மாற்றினர். தமிழ்த்துறை மலரில் இதற்கென்ன இடம் என்று வினவும் பெரியோர் சற்றுப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

2008-ஆம் ஆண்டு. இளமுனைவர் பட்டம் பெற்று, விரிவுரையாளனாகப் பொறுப்பேற்ற முதல் ஆண்டு அது. இலண்டனில் பணிபுரிந்த என் காக்கா ஒரு மாத விடுப்பில் ஊர் வந்தார். வாப்பா மறைந்தபின் என் படிப்புக்கும் குடும்பத்துக்கும் அவர் உழைப்பே ஆதாரம். கொண்டுவந்த பெட்டியில் உம்மாவுக்குக் கம்பளி, பிள்ளைகளுக்கு இனிப்பு, எனக்கு ஒளித்தகடுகள் அடங்கிய ஒரு பேழை. ‘தி பிரிசனர்’ என்று அதில் எழுதியிருந்தது. “நீ ஆராய்ச்சி பண்றவன். இதுல ஒரு புதிர் இருக்காம். கண்டுபிடி, தம்பி” என்றார்.

‘கைதி’ என்று பொருள்படும் அத்தொடர் 1967 செப்டம்பர் இறுதியில் பிரித்தானியத் தொலைக்காட்சியில் தொடங்கி, 1968 பிப்ரவரித் தொடக்கத்தில் நிறைவுற்றது. மொத்தம் 17 பகுதிகள். அதனை உருவாக்கி, தலைமைப் பாத்திரத்திலும் நடித்தவர் பேட்ரிக் மக்கூஹன். உளவுத்துறை அலுவலர் ஒருவர் திடீரெனப் பதவி விலகுகிறார். வீடு திரும்பிப் பெட்டியை அடுக்கும்போது மயக்கப் புகை அறைக்குள் பரவுகிறது. கண் விழிக்கும்போது அவர் இருப்பது ‘கிராமம்’ எனப்படும் ஓர் அழகிய சிறையில். அங்கே எவருக்கும் பெயரில்லை. எண் மட்டுமே உண்டு. அவர் ஆறாம் எண். அவரை விசாரிக்கும் இரண்டாம் எண் அடிக்கடி மாறிக்கொண்டே இருப்பார். தப்பியோடுவோரைப் பெரியதொரு வெண்ணிறப் பந்து உருண்டு வந்து மடக்கும். இவற்றையெல்லாம் ஆட்டிவைக்கும் முதலாம் எண் யார் என்பதே தொடரின் பெரும்புதிர்.

இப்புதிர்க்கு விடை தேடிய இரசிகர்கள் வகுத்த கொள்கைகள் பலப்பல. கிராமம் எங்கே இருக்கிறது என்ற கிளைவினாவையே எடுத்துக்கொள்வோம். ஒரு பகுதியில் அது லிதுவேனியாவில் உள்ளதாக ஒரு பெண் கூறுகிறாள். அவளை நம்பித் தப்பிய நாயகர், இலண்டன் மணிக்கூண்டு எட்டு முறை ஒலிக்கக் கேட்கிறார். வழியில் பெற்ற தம் கைக்கடிகாரமும் எட்டையே காட்டக் காண்கிறார். போலந்து நேரத்துக்கும் இலண்டன் நேரத்துக்கும் ஒரு மணி வேறுபாடு இருக்க வேண்டாமா? அந்த ஒன்றினால் முழு நாடகமும் பொய்யென அறிகிறார். பிறிதொரு பகுதியில் கிராமம் மொராக்கோக் கடற்பக்கம் இருப்பதாகக் கணக்கிடுகின்றனர். இறுதிப் பகுதியிலோ, ஒரு சரக்குந்தில் ஏறிச் சுரங்கவழியே வெளிப்படுவோர் இலண்டன் செல்லும் நெடுஞ்சாலையையே அடைந்துவிடுகின்றனர்! தீவா, இங்கிலாந்தா, ஒன்றுக்கு மேற்பட்ட கிராமங்களா என்று அன்பர்கள் வாதிட்டனர். படம் பிடிக்கப்பட்ட இடம் வேல்சு நாட்டின் போர்ட்மீரியன். கட்டடக்கலைஞர் கிளப் வில்லியம்ஸ்-எல்லிஸ் 1925 முதல் எழுப்பிய சிற்றூர் அது.

நாயகர் யார் என்பதிலும் இரு கட்சிகள். மக்கூஹன் முன்னர் ‘டேஞ்சர் மேன்’ தொடரில் நடித்த ஜான் டிரேக் என்னும் உளவாளியே இவர் என்றார் கதைப்பதிப்பாசிரியர் ஜார்ஜ் மார்க்ஸ்டைன். மக்கூஹன் அதை மறுத்தார். தொடக்கக் காட்சியில் பதவி விலகல் கடிதத்தைப் பெறும் மேசைக்குப் பின் அமர்ந்திருப்பவர் அம்மார்க்ஸ்டைனே என்பது சுவையான செய்தி. ஆக்கியோரே மாறுபட்டபின் உரைகாரர் மாறுபடுவதில் வியப்பென்ன?

நாளொரு பகுதியாக நாங்கள் பதினேழு இரவுகள் பார்த்தோம். நானும் ஒரு கொள்கை வகுத்தேன். வாய்பேசாது பணிவிடை செய்யும் குள்ளமான பணியாளர் ஒருவர் அதில் வருவார். இரண்டாம் எண்கள் மாறினும் அவர் மாறுவதில்லை. எல்லா இரகசியமும் அவர் செவிமுன் பேசப்படுகிறது. ஆகவே அவரே முதலாம் எண் என்று துணிந்தேன். பிரித்தானியரிலும் பலர் அவ்வாறே எண்ணினர் என்பதைப் பின்னர் அறிந்தேன். ஒரு குறிப்பேட்டில் சான்றுகளை வரிசைப்படுத்தினேன். அவர் எல்லார்க்கும் அடங்கி நடக்கிறாரே என்னும் எதிர்ச்சான்று கண்முன் நின்றது. அதை மட்டும் குறிப்பேட்டில் எழுதவில்லை.

இரண்டாம் நாள் இரவே காக்கா வேறொன்று சொன்னார். பெரும்பாலான பகுதிகளின் தொடக்கத்தில் ஓர் உரையாடல் வரும். முதலாம் எண் யார் என்று கைதி கேட்பார். நீர் ஆறாம் எண் என்று விடை வரும். வினாவுக்கு விடை தராமல் ஒதுக்கும் மறுமொழி என்றே நான் கொண்டேன். காக்காவோ, “இல்ல தம்பி. நீதான்னு சொல்லிட்டு, அப்புறம் நம்பரைச் சொல்லிக் கூப்பிடுறான். நல்லாக் கேளு” என்றார்.

நான் சிரித்தேன். சிரித்ததோடு நிற்கவில்லை. விருந்தினர் சிலர் கூடியிருந்த ஒரு நாள் பேச்சு இதன்பால் திரும்பியபோது, “உரை காண்பதற்கும் ஒரு பயிற்சி வேண்டும், பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டால் வந்துவிடுமா?” என்றேன். அவையோர் நகைத்தனர். காக்காவும் சேர்ந்து நகைத்தார். உம்மா மட்டும் நகைக்கவில்லை.

பதினேழாம் இரவு வந்தது. ஆறாம் எண் இறுதியில் முதலாம் எண்ணை நெருங்குகிறார். முகமூடியைக் களைகிறார்; உள்ளே ஒரு குரங்கு முகமூடி. அதையும் களைந்தால் அங்கே நகைப்பது அவருடைய முகமே! தேடியவனும் தேடப்பட்டவனும் ஒருவனே. அன்று பிரித்தானியாவில் இம்முடிவைக் கண்டோர் சினந்து நிலையத்தைத் தொலைபேசியில் சாடினர். தாம் ஒளிந்துகொள்ள நேர்ந்ததாக மக்கூஹனே பின்னாளில் கூறினார். 1977-இல் கனடாத் தொலைக்காட்சி உரையாடல் ஒன்றில், மனிதனின் பெரும்பகைவன் அவனேயென்னும் கருத்தையே அம்முடிவுக்கு விளக்கமாகத் தந்தார். அவர் 2009-இல் காலமானார்.

நான் திரையைப் பார்த்தபடி அமர்ந்திருந்தேன். வென்றேன் என்ற குறிப்புக்கூட இன்றிக் காக்கா எழுந்தார். “கதை நல்லா இருந்துச்சு. நேரமாச்சு, படுத்துக்கோ தம்பி” என்றார்.

அன்றிரவு உறக்கமில்லை. அவர் கேட்டது யாது? ஆங்கிலத்தில் விளிக்கென உருபில்லை. ஒரு காற்புள்ளியே, ஒரு மூச்சின் இடைவெளியே பொருளை மாற்றும். ‘நீர் ஆறாம் எண்’ என்றால் ஆறாம் எண் என்பது பெயர்ப்பயனிலை. ‘நீரே, ஆறாம் எண்ணே!’ என்றால் அது விளி, வினாவுக்கு நேர்விடை. தமிழிலும் இயல்பு விளி உண்டாதலின் இம்மயக்கம் நமக்குப் புதிதன்று. நம் முன்னோர் ஓலையில் எழுதியபோது காற்புள்ளியும் இல்லை, வினாக்குறியும் இல்லை. மெய்யின் புள்ளியைக்கூடப் பல சுவடிகள் இடா. எங்கே நிறுத்துவது என்பதிலேயே உரைகள் பிரிந்தன. அவ்வாண்டு முதலாமாண்டு மாணவர்க்கு விளி வேற்றுமையை நடத்தியவன் நான். கேட்டறிந்தவரோ அவர்.

அவ்வுரையாடலில் அந்த இடைவெளி உண்மையிலேயே உள்ளதா, முடிவைக் கண்டபின் நம் செவி கற்பித்துக்கொண்டதா என்பதில் அன்பர்களிடையே இன்றும் ஒருமைப்பாடில்லை. ஆயின் காக்கா முடிவைக் காணுமுன்னரே கேட்டார். எவ்வாறு கேட்டார் என்பது அவரை வழியனுப்பச் சென்ற விமான நிலையத்திலேதான் எனக்கு விளங்கியது. தயங்கித் தயங்கி மன்னிப்புக் கேட்டேன். அவர் என் தோளில் கைவைத்துச் சொன்னார்:

“அதுல என்ன இருக்கு? நான் வேலை பார்க்கிற கிடங்குல பேரு சொல்லிக் கூப்பிட மாட்டாங்க. எழுபத்துநாலு, இங்க வா. எழுபத்துநாலு, அதைத் தூக்கு. பத்து வருசமாக் கேட்கிறேன். அதான் அந்த ஆளு நம்பரைச் சொன்னதும், கூப்பிடுறான்னு எனக்குத் தெரிஞ்சிடுச்சு.”

என் ஒவ்வொரு பருவக் கட்டணமும் அந்த எழுபத்துநான்காம் எண்ணின் கூலி என்பதை எண்ணியபோது, விடைகொடுக்கவும் நா எழவில்லை.

இரசிகர்தம் ஊகங்களை வீண்பொழுது என்று ஒதுக்குவோர் உண்டு. நான் ஒதுக்கேன். ஒரு கடிகார முள்ளையும் ஒரு மூச்சின் இடைவெளியையும் உற்றுநோக்கும் பழக்கம் எந்நூலையும் கற்பதற்கு உதவும். ஆனால் உரைகாரன் தன் கொள்கையைக் காதலிக்கத் தொடங்கினால், ஒவ்வாச் சான்றைக் குறிப்பேட்டில் எழுத மறப்பான். பிறர் செவிக்கு எட்டியதை எள்ளி நகையாடுவான். நூலுக்கு வெளியே பகைவனைத் தேடி அலைந்த எனக்கு, முகமூடிக்குள் காத்திருந்தது என் முகமே.

காக்கா இப்போது ஊரோடு வந்துவிட்டார். வகுப்பில் ஒரு தொடரைக் கரும்பலகையில் எழுதியதும், இன்று நான் முதலில் வினவுவது கடைசி வரிசை மாணவனைத்தான்: “உன் காதுக்கு இது எப்படிக் கேட்கிறது?” வினவுமுன் அவனைப் பெயர் சொல்லி அழைக்கிறேன், வருகைப்பதிவேட்டு எண்ணைச் சொல்லி அழைப்பதை 2008-இலேயே நிறுத்திவிட்டேன்.