உலோகம் எங்கே போனது?

விளிம்பில் பிறை வடிவில் ஒரு கடி, ஆண்டின் கடைசி எண் மழுங்கல், நடுவட்டம் கோணல். இப்படி ஒரு காசு கையில் வந்தால் அது நாணயச்சாலைத் தவறு என்றும் லட்சம் பெறும் என்றும் ஒரு பேச்சு கிளம்புகிறது. கைபேசி வழியே அது கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவுக்கும் கல்வராயன் மலை மேலுள்ள வெள்ளிமலைக்கும் ஒரே வேகத்தில் போய்ச் சேருகிறது. பழைய காசு வாங்குவதாகச் சொல்லித் தன் பெயரால் கட்டணமும் கமிஷனும் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. அதற்கு முன்பே, 2018 ஜனவரியில், அதுவரை வெளியிட்ட 10 ரூபாய் நாணயத்தின் 14 வடிவங்களும் செல்லும் என்று அதே வங்கி சொல்ல வேண்டியிருந்தது. தமிழ்நாடு உட்படப் பல இடங்களில் கடைகளும் பேருந்துகளும் நல்ல காசை வாங்க மறுத்ததே காரணம். இரண்டும் ஒரே பழக்கத்தின் விளைவு என்று நினைக்கிறேன். காசைத் தோற்றத்தை வைத்தே எடைபோடுகிறோம். அது எப்படிச் செய்யப்பட்டது என்று கேட்பதில்லை.

அப்படிக் கேட்கத் தொடங்கினால் முதல் கேள்வி இது: இந்தக் காசின் உலோகம் எங்கே போனது? மும்பை, கொல்கத்தா, ஐதராபாத், நொய்டா ஆகிய நான்கு நாணயச்சாலைகளிலும் வேலை ஒரே ஒழுங்கில் நடக்கிறது. நீளத் தகட்டிலிருந்து வில்லைகளை வெட்டி எடுத்து, ஓரத்தை உருட்டிச் சற்றே உயர்த்தி, மேலும் கீழும் இரண்டு அச்சு, சுற்றிலும் ஒரு வளையம் என்று நிறுத்தி அழுத்துகிறார்கள். அழுத்தத்தில் உலோகம் இடம் மாறும், குறையாது. அரம், உப்புத்தாள், அமிலம் மூன்றும் உலோகத்தைக் குறைக்கும். அதனால் அச்சு விலகி விழுந்த காசில் படம் பாதிதான் இருந்தாலும் எடை முழுதாக இருக்கும்; 10 ரூபாய் என்றால் சுமார் 7.7 கிராம். நகைக்கடைத் தராசு ஒன்றே பல சர்ச்சைகளை முடித்துவிடும். தராசு இல்லாத இடத்தில் விரல் நுனி போதும். அச்சில் விரிசல் விழுந்தால் உலோகம் அதற்குள் ஏறும். எனவே காசில் அது மேடான கோடாக நிற்கும். ஆணியால் கீறினால் பள்ளம்தான் விழும். விற்க வரும் விரிசல் காசைத் தடவிப் பார்க்க அரை நிமிடம் ஆகாது.

எடை குறைந்த உண்மைப் பிழையும் உண்டு. சோமாசுக்கு மாவைத் தேய்த்து டம்ளரால் வட்டம் எடுக்கும்போது, முன்பே எடுத்த ஓட்டையின் மேல் டம்ளர் விழுந்தால் வட்டத்தில் ஒரு பிறை குறையும் அல்லவா, தகட்டிலும் அப்படியே நடக்கும். ஆனால் இந்த வில்லை விளிம்பு உருட்டும் பொறிக்குள் போகும்போது, கடி உள்ள இடத்தில் பிடிப்பு இல்லாததால் நேர் எதிர்ப் பக்கத்திலும் அழுத்தம் தளரும். அதனால் கடிக்கு எதிரே விளிம்பு பெரும்பாலும் மங்கியிருக்கும். அரத்தால் பிறை எடுத்தவர் எதிர்ப்பக்கத்தை நினைப்பதில்லை. அங்கே விளிம்பு கெட்டியாகவே நிற்கும். நடுவட்டம் திரும்பிய 10 ரூபாய்க் காசு இன்னும் தெளிவான கதை. மஞ்சள் வளையமும் வெள்ளை நடுவட்டமும் தனித்தனி உலோகம் என்றாலும், இரண்டும் ஒரே அடியில்தான் இணைந்து படம் பெறுகின்றன. நடுவட்டம் விலகி வளையத்தின் மேல் ஏறி அச்சானால், படம் இரண்டு உலோகத்தின் மீதும் அறுபடாமல் ஓடும். வளையத்தின் எழுத்து ஒரு திசை, நடுப்படம் வேறு திசை என்றால், நாணயச்சாலையில் அப்படி நடக்க வழியே இல்லை; பிறகு யாரோ தட்டி எடுத்துத் திருப்பிப் பொருத்தியிருக்கிறார்கள்.

கண்ணுக்கு அதிசயமாகத் தெரிவது பெரும்பாலும் பட்டறை வேலை. உண்மைப் பிழை பல நேரம் எளிமையாகவே இருக்கும். இந்தியக் காசை இடவலமாகத் திருப்பினால் பின்பக்கமும் நேராக நிற்க வேண்டும். ஓர் அச்சு சுழன்றுபோய் அடித்திருந்தால் பின்பக்கம் சாயும். முழுக்காசில் அதைப் பின்னால் யாராலும் எளிதில் உண்டாக்க முடியாது. ஆனால் அதைப் பார்த்து யாரும் லட்சம் கேட்பதில்லை. மறுபுறம், ஆண்டுக்குக் கீழே நாணயச்சாலை அடையாளமாக உள்ள ஐதராபாத் நட்சத்திரத்தையோ நொய்டாப் புள்ளியையோ சுரண்டிவிட்டால், அடையாளமே இடாத கொல்கத்தாக் காசு ஆகிவிடும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அச்சில் எண்ணெய்ப் பிசுக்கு அடைத்து எழுத்து விடுபட்டால் அந்த இடத்தின் மேற்பரப்பு மற்ற இடத்தைப் போலவே இருக்கும். சுரண்டிய இடத்தில் மட்டும் லென்ஸில் இணைகோடுகளும் தனி மினுக்கும் தெரியும்.

புழக்கத்தில் தேய்ந்த காசும் எடை இழக்கிறதே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். தேய்மானம் மேடான இடங்களில் தொடங்கிக் காசு முழுவதும் பரவும். ஒரே ஓர் எழுத்தை மட்டும் குறிவைக்காது. இயந்திரம் எதையும் செய்யுமே என்பது இன்னொரு வாதம். இதை நான் ஏற்கவில்லை. வெட்டுதல், உருட்டுதல், அழுத்துதல் என்று அதன் அசைவுகள் மிகச் சில. ஒவ்வொன்றுக்கும் தனித் தடம் உண்டு, எந்த அசைவுக்கும் பொருந்தாத தடம் வெளியே விழுந்தது. நாணயச்சாலைக்குள்ளேயே ஒருவர் வேண்டுமென்று கோணலாக வைத்து அடித்தால்? அங்கே இந்தச் சோதனை தோற்கும், ஒப்புக்கொள்கிறேன். செய்முறையை உலோகம் சொல்லும், செய்தவரின் எண்ணத்தைச் சொல்லாது.

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கே உரிய பழங்காசுகளுக்கு அளவுகோல் மாறும். திருக்கோவிலூர்ப் பகுதியில், தென்பெண்ணைக் கரையில் கிடைத்த சங்ககால மலையமான் மன்னர்களின் செப்புக் காசுகளில் ஒரு பக்கம் குதிரை நிற்கிறது. அவற்றை ஆராய்ந்து எழுதியவர் இரா. கிருஷ்ணமூர்த்தி. சுற்றி வளையம் இல்லாமல் கையால் அடித்த காசு அது. படம் ஓரம் தள்ளி விழுவது அங்கே இயல்பு, அதைப் பிழை என்று விற்பது அறியாமை. அங்கே பார்க்க வேண்டியது வேறு: வார்த்தெடுத்த போலியில் நுண்குமிழிகளும் அச்சு மூட்டின் கோடும் இருக்கும், நூற்றாண்டுகளாகப் படிந்த பச்சைக் களிம்பு இருக்காது. ஆனால் கிடைத்தவுடன் புளி போட்டுத் துலக்கிவிட்டால் உண்மைக் காசும் அந்தச் சாட்சியை இழந்துவிடுகிறது, போலியோடு சேர்த்துச் சந்தேகிக்கப்படுகிறது. எண்ணெய் விளக்கைத் துலக்கும் அதே நல்ல எண்ணத்தோடு இது நடப்பதால்தான் எனக்கு வருத்தம் அதிகம். மண்ணோடு கிடைத்த காசை மண்ணோடு தாளில் மடித்து வைத்துவிட்டு, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கச் சொல்லும் 1878 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கள்ளக்குறிச்சி ஆட்சியர் அலுவலகத்தில் சொன்னால் போதும். துலக்குவதா வேண்டாமா என்பதைக் காசு அறிந்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.