முப்பதும் தொண்ணூறும்

மாமாவின் பழைய யமஹா டிடி 125 ஸ்கிராம்ப்ளருக்கு கியர்பாக்ஸ் ஆயில் மாற்ற வேண்டியிருந்தது. சிங்கப்பூரில் ஜாலான் புசார் பக்கம் நான் விசாரித்த மூத்த மெக்கானிக்குகள் ஒரே குரலில் சொன்னார்கள்: "தொண்ணூறு ஊத்து தம்பி, கியர் சத்தமே கேட்காது." மாமா பத்திரமாக வைத்திருந்த கையேட்டிலோ 10W-30, எஸ்இ வகை என்ஜின் ஆயில் என்று இருந்தது. இரண்டு பக்கமும் விஷயம் தெரிந்தவர்கள். அந்தத் தொண்ணூறு எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் போல்ட்டைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை.

இதுபோன்ற பழைய வண்டிகளுக்கு நாள் வேறு குறித்தாகிவிட்டது. 2003 ஜூலை 1-க்கு முன் சாதாரணமாகப் பதிவான மோட்டார் சைக்கிள்கள் 2028 ஜூன் 30-க்குப் பிறகு சிங்கப்பூர்ச் சாலைகளில் ஓட முடியாது. முன்னதாகவே பதிவை ரத்து செய்தவர்களுக்கு 3,500 வெள்ளி வரை கிடைத்தது. தேக்காவிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருந்த சுங்கை ரோடு சந்தையும் 2017 ஜூலையில் மூடப்பட்டது. பழைய பொருள்களோடு பழைய ஆள்களின் நினைவையும் கேட்டு வாங்கக்கூடிய இடமாக இருந்தது அது.

தேடத் தொடங்கியது வண்டியின் வயிற்றிலிருந்து. இதுபோன்ற டூ-ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்குப் போகும் எண்ணெய் பெட்ரோலோடு எரிந்து புகையாகிவிடும். கியர்பாக்ஸில் இருப்பது தனி எண்ணெய், அரை லிட்டருக்குச் சற்று மேல். கியர் மட்டுமல்ல, க்ளட்ச் தட்டுகளும் அதில்தான் முங்கிக் கிடக்கின்றன. 1968-இல் டிடி-1 வந்த காலத்திலிருந்தே இந்த வரிசை வண்டிகளின் அமைப்பு இதுதான்.

அதற்கு முன் இங்கே ஓடிய நார்ட்டன், டிரையம்ஃப் போன்ற பிரிட்டிஷ் வண்டிகளைப் பார்த்தபோது முடிச்சு அவிழ்ந்தது. அவற்றில் க்ளட்ச் இருப்பது ப்ரைமரி செயின் ஓடும் உறைக்குள். கியர்பாக்ஸின் எண்ணெய் வேறு. எவ்வளவு கெட்டியாக ஊற்றினாலும் க்ளட்சுக்குப் போய்ச் சேராது. நார்ட்டன் கமாண்டோவுக்குக் கம்பெனியே சொன்ன எண்ணெய் இபி 90. சென்னையில் 1955 முதல் உருவான என்ஃபீல்டு புல்லட்டும் இந்தக் குடும்பம்தான். அவற்றில் கைபழகியவர்கள் ஜப்பானிய வண்டிகளுக்கும் அதே டின்னைத் திறந்தார்கள் என்பதே என் முடிவு. தங்கள் வண்டிக்கு அவர்கள் செய்தது முற்றிலும் சரி. வண்டி மாறியது, டின் மாறவில்லை.

முப்பதும் தொண்ணூறும் ஒரே அளவுகோலில் வரும் எண்கள் அல்ல என்பது அடுத்து தெரிந்தது. அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇ, என்ஜின் ஆயிலுக்கு ஒரு பட்டியலும் கியர் ஆயிலுக்கு வேறு பட்டியலும் வைத்திருக்கிறது. 100 டிகிரி சூட்டில் 30 என்ஜின் ஆயிலின் பாகுத்தன்மை 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ், 40-க்கு 12.5 முதல் 16.3. தொண்ணூறு கியர் ஆயில் 13.5-இல் ஆரம்பிக்கிறது. மூன்று மடங்கு கெட்டி என்று தோன்றும் தொண்ணூறு, உண்மையில் நாற்பதுக்குப் பக்கத்து வீடு! 80 கியர் ஆயிலோ 11-க்குள் முடிந்துவிடுகிறது. முப்பதைவிட நீர்த்ததாகக்கூட இருக்கலாம். வெளிநாட்டு மோட்டோகிராஸ்காரர்கள் பலர் இன்னும் மெலிதான ஏடிஎஃப், அதாவது காரின் ஆட்டோமேட்டிக் கியருக்கான திரவத்தை, ஊற்றிக்கொண்டு ஓட்டியிருக்கிறார்கள்.

ஆக, கெட்டித்தன்மையில் எண்கள் காட்டும் அளவுக்கு வித்தியாசம் இல்லை. கலந்திருக்கும் மருந்துதான் வித்தியாசம். 1926-இல் பேக்கார்டு கார் ஹைப்பாய்டு கியரைப் பின்னச்சுக்குக் கொண்டுவந்தது. அதில் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று கடுமையாகத் தேய்த்துச் சறுக்கும். அந்த அழுத்தத்தைத் தாங்கவே கந்தகமும் பாஸ்பரசும் சேர்ந்த சரக்கு கியர் ஆயிலில் கலக்கப்படுகிறது. டிடியின் நேர்ப்பல் கியருக்கு அவ்வளவு தேவையில்லை. ஜிஎல்-5 போன்ற வீரியமான வகைகளில் சில, சூட்டில் வெண்கல புஷ்களை அரிக்கவும் கூடும். கெட்டி எண்ணெயில் க்ளட்ச் தட்டுகள் ஒட்டிக்கொள்ளும். லீவரை முழுக்க இழுத்தாலும் வண்டி முன்னால் நகரப் பார்க்கும், நியூட்ரல் அகப்படாது. கியர் சத்தம் அடங்குவது என்னவோ உண்மை. ஆனால் தேய்ந்த பல் அதனால் வளர்ந்துவிடாது, சத்தம் மட்டும் மறையும். கேட்க வேண்டிய சத்தத்தை மறைப்பதை நான் வைத்தியம் என்று ஏற்கமாட்டேன்.

கையேடு சொன்ன எஸ்இ எழுபதுகளின் தரம், எப்போதோ காலாவதியாகிவிட்டது. இன்றைய கார் ஆயிலை அப்படியே ஊற்றவும் முடியாது. பெட்ரோல் மிச்சப்படுத்த அதில் சேர்க்கும் வழுக்குச் சரக்கு, நனைந்த க்ளட்சை நழுவவிடும். அதனால்தான் ஜப்பானியர்கள் 1998-இல் மோட்டார் சைக்கிளுக்கென்று ஜாசோ தரம் வகுத்தார்கள். டப்பாவின் பின்புறம் எம்ஏ என்று இருக்கிறதா என்று பார்த்தால் போதும். நான் வாங்கியது 10W-40 எம்ஏ. குளிர்காலமே இல்லாத ஊரில் சூட்டுக்கு நாற்பது தாங்கும், மெக்கானிக்குகள் கேட்ட கெட்டித்தன்மையும் ஓரளவு கிடைக்கும், க்ளட்சும் பிடிக்கும்.

வண்டியைச் சற்று ஓட்டிச் சூடாக்கி, நேராக நிறுத்தி வடித்தோம். கரி கலக்காத எண்ணெயை ஏன் மாற்றுவது என்று கேட்பவர்கள் அதைப் பார்க்க வேண்டும். க்ளட்ச் தூளும் உலோகப் பொடியும் கலந்து சாம்பல் நிறம். பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். அப்படி இல்லை. செப்பு வாஷரைப் புதிதாகப் போட்டு முடுக்கினோம்.

கழிவு எண்ணெயைப் பட்டறை டிரம்மில் சேர்த்தோம். இங்கே கால்வாயில் ஊற்றுவது அங்கேயே முடிவதில்லை. ரோச்சோர் கால்வாயில் விழுவது, 2008-இல் மரினா அணைக்கட்டு வந்தபின் நாம் குடிக்கும் நீர்த்தேக்கத்துக்கே போகிறது.

வடிந்த எண்ணெயின் அளவு மட்டும் உறுத்தியது. முன்பு ஊற்றியதைவிடக் குறைவாக இருந்தது, அடியில் கசிவும் இல்லை. "காலையில வெள்ளைப் புகை வருதுடா" என்று மாமா அப்போதுதான் சொன்னார். க்ளட்ச் பக்கத்து கிராங்க் சீல் தளர்ந்து, என்ஜின் கியர்பாக்ஸ் எண்ணெயை உறிஞ்சிக் குடிக்கிறது. இனி அந்த சீலைத் தேட வேண்டும்.